அடி… பிடி… விடு

ஏப்ரல் 28, திங்கள்

லீவு விட்டு ஒரு மாதம் ஆகப்போகிறது. இதுவரை உருப்படியாக ஒரு சேட்டைகூடச் செய்யவில்லை. இப்படியே போனால் தெருவில் எனக்கு நல்ல பெயர் வந்துவிடும். அதனால் இன்று மத்தியானம், அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகர ஷெட்டுக்குப் போனேன். உள்ளே நிற்கும் எங்கள் ஜீப்பின் முன்கண்ணாடியில் விரல் கனத்துக்குத் தூசி. அதில் எழுதினேன்:

"விற்பனைக்கு. ஒரே ஓனர். போன வருஷத்திலிருந்து ஒரு சொட்டு டீசல் குடித்ததில்லை. மைலேஜ்: கணக்கில் அடங்காது."

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டேன்.

இந்த ஜீப்புக்கு நான் வைத்திருக்கும் பெயர் சாமியார். சாப்பிடுவதில்லை, அசைவதில்லை, முகமெல்லாம் நூலாம்படைத் தாடி. ஷெட்டிலேயே செட்டில் ஆகிவிட்டது. என்னைத்தான் எல்லோரும் துறுதுறு என்பார்கள். அசல் துரு முழுக்க அதனிடம்தான் இருக்கிறது.

போன ஜூன் வரைக்கும் அது இப்படி இல்லை. தினமும் விடியக்காலையில் போடியிலிருந்து மலையேறி, ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். ஓட்டுவது அப்பா. ஒருநாள் மழைச் சாயங்காலம், ஆளெல்லாம் இறங்கியபின் காலி வண்டியாகத் திரும்பும்போது, கூடவே போய் வண்டி வேலை பழகி, புதிதாக லைசென்ஸ் எடுத்திருந்த அக்காவிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்திருக்கிறார். ஒரு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கம் மலை. அக்கா மலைப் பக்கம் ஒடித்து முட்டி நிறுத்திவிட்டாள். ஜீப்புக்கு மூக்கு சப்பை, அப்பாவுக்கு வலது தோள் எலும்பு முறிவு, அக்காவுக்குப் புருவத்தில் ஒரு கீறல். நடந்தது அவ்வளவுதான்.

ஆனால் ஜீப் ஸ்டாண்டில் வேறு கதை ஓடியது. "பொம்பளப் பிள்ள, பதட்டத்துல பிரேக்குன்னு நெனச்சுக் கிளட்ச மிதிச்சிருச்சு." கிளட்சுக்கு இடது கால், பிரேக்குக்கு வலது கால். எங்கள் அக்காவுக்கு இடமும் வலமும் தெரியாதாம்! முதல் வாரம் அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் "நான் பிரேக்கத்தான் மிதிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்புறம் அவளும் சொல்வதை நிறுத்திவிட்டாள். அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இருவருக்கும் சேர்த்து நான்தான் பேசுகிறேன். ஓவர்டைம் யாரும் தருவதில்லை.

இப்போது அப்பாவுக்கு ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை எடை போடுகிற வேலை. அக்கா ஜூன் ஒன்றாம் தேதி திருப்பூரில் சித்தி வீட்டுக்குப் போகிறாள், பனியன் கம்பெனி வேலைக்கு. போகட்டும். எங்கள் அறையில் இருப்பது ஒரே கட்டில். அவள் போனால் அது எனக்கு. காலண்டரில் ஜூன் ஒன்றைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறேன். சந்தோஷத்தில்தான்.

ஏப்ரல் 30, புதன்

சேட்டை வேலை செய்தது. அளவுக்கு அதிகமாகவே செய்தது.

காலையில் வாசலில் ஒரு டெம்போ. பழைய இரும்புக்கடை ரபீக் பாய் இறங்கினார். பின்னாலேயே கேஸ் கட்டரோடு இரண்டு பேர். அப்பா பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தார். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டேன்.

"தவமணிண்ணே, ஸ்டேட்டஸ் பாத்தேன். எடைக்குப் போட்டுருவமா?"

"என்ன ஸ்டேட்டஸு? விக்கல பாய்."

"விக்கவும் மாட்டேங்குறீக, ஓட்டவும் மாட்டேங்குறீக. மெக்கானிக்கையும் கை வைக்க விடலையாம்ல? வச்சுக் கும்புடப் போறீகளா?"

அம்மா விளக்குமாறோடு வந்து சேர்ந்தாள். "நல்லாக் கேளுங்க பாய். என் விறகெல்லாம் வெளிய நனையுது, இது உள்ள கெடந்து துருப்பிடிக்குது." அப்பா பக்கம் திரும்பினாள். "இந்தாங்க, ஒண்ணு ஓட்டுங்க, இல்ல ஏத்தி விடுங்க. ஸ்கூல் தெறக்குறதுக்குள்ள எனக்கு ஷெட்டு வேணும்."

அப்பா ஷெட்டைப் பார்த்தார், கேஸ் கட்டரைப் பார்த்தார். வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு, "ஓட்டுறேன்" என்றார்.

உள்ளே அக்கா சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி சட்டென்று நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

எனக்குத் தண்டனை: தினமும் காலையில் ஷெட்டில் அப்பாவுக்கு ஏவல் வேலை. அவருடைய வலது கை தோளுக்கு மேல் ஏறாது. ஸ்டேட்டஸ் போட்ட கைக்கு ஸ்பானர்.

மே 3, சனி

சாமியாருக்கு இன்று முகச்சவரம். ஒட்டடை அடித்து, பானெட்டைத் திறந்து, ஓட்டையான ரேடியேட்டரை இறக்கினோம். ஏர் கிளீனரைத் திறந்தால் உள்ளே எலிக் குடும்பம். அவர்களுடைய மெத்தை, போன வருஷம் நான் தொலைத்த வேதியியல் பாடப் பக்கங்கள். என்னைவிட நன்றாக மனப்பாடம் செய்து, அரைத்து, விழுங்கியிருந்தன.

அப்பாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. முன்பு நான் சொல்வதற்கு முன்னாலேயே சிரிப்பார்.

மே 7, புதன்

ஒரு மர்மம். காலையில் அப்பா புதிய ரேடியேட்டர் ஹோஸை மாட்டிவிட்டு வேலைக்குப் போனார். மத்தியானம் நான் மாங்காய் தின்றுகொண்டு ஷெட்டுப் பக்கம் போனால் பானெட்டுக்குள் ஒரு ஆள். எங்கள் அக்கா நாகஜோதி. கையெல்லாம் கிரீஸ்.

"நீ எதுக்கு இங்க?"

"ஹோச மடக்கி மாட்டிருக்காருடி. சூடேறுனா அமுங்கிப்போகும். நீ பாக்கல, சரியா?"

"என்னத்தப் பாக்கல?"

"என்ன."

"உன்ன நான் வருஷக்கணக்காவே பாக்கல" என்றேன். தலையில் ஒரு குட்டு. கிரீஸ் கையாலேயே. ஷாம்பூ போட்டும் போகவில்லை.

மே 8, வியாழன்

அப்பா ஹோஸைத் தடவிப் பார்த்தார். "இத யாரு மாத்துனது?"

"பேய்ப்பா."

"பேயி ராத்திரிலதான வரும்?"

"இது பகல் ஷிப்ட்டுப் பேய்."

ஹோஸையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குக் கிளம்பும்போது ஒரு கோணிச்சாக்கை விரித்து, டீசல் டேங்க் கழற்றத் தேவையான ஸ்பானர்களை மட்டும் வரிசையாக எடுத்து வைத்தார். "பேய்க்கு எது எங்கருக்குன்னு தெரியாதுல்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மே 9, வெள்ளி

பேய் இன்று டீசல் டேங்கைக் கழுவியது. வண்டல் பேய்க்கு, நாற்றம் எனக்கு.

மே 12, திங்கள்

ஃபோர் வீல் டிரைவ் என்று பெயர்தானே தவிர எங்கள் ஜீப்பை இத்தனை வருஷமாகப் பின் சக்கரம் இரண்டும்தான் இழுத்துக்கொண்டிருந்தன. டீசல் மிச்சமாகும் என்று முன் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டை அப்பா எப்போதோ கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். இந்தப் பக்கம் பாதி ஜீப்புகள் அப்படித்தான். எங்கள் வீடும் இப்போது அப்படித்தான்: நாலு பேரில் இழுப்பது இரண்டு பேர், அம்மாவும் நானும். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நீ எங்கடி இழுக்குற, நீ ஏறி உக்காந்துருக்க" என்றாள்.

மத்தியானம் பேய் பரணில் ஏறி ஷாஃப்ட்டை இறக்கி, துருவைச் சுரண்டி, ஜீப்புக்கு முன்னால் கிடத்தி வைத்துவிட்டது. அப்பா அதைக் காலையில் பார்ப்பார். திட்டுவாரோ?

மே 13, செவ்வாய்

திட்டவில்லை. கிரீஸ் போட்டு மாட்டினார். கைக்கு எட்டாத போல்ட்டுகளை மட்டும் பேய்க்கு விட்டுவைத்தார்.

மே 15, வியாழன்

சாமியார் வாய் திறந்தார்!

காலையில் புது பேட்டரி போட்டு அப்பா சாவியைத் திருப்பினார். விர் விர் விர் என்று சுற்றியதே ஒழிய இஞ்சின் பிடிக்கவில்லை. டீசல் குழாய்க்குள் காற்று புகுந்திருந்தால் இப்படித்தானாம். ஃபில்டரில் திருகைத் தளர்த்திக் காற்றை எடுத்தார். மறுபடியும் விர் விர். சமையலறை ஜன்னலில் அக்காவின் தலை தெரிந்தது. தெரு முழுக்கக் கேட்கும்படி என்னிடம் பேசினாள்.

"கோபிகா! ஒரு ஆளு ஃபில்டர்ல மட்டும் காத்து எடுத்தாரு. பம்புல எடுக்கலேன்னு நெனக்கிறேன்."

நான் தபால்காரி. திரும்பி, "ப்பா, ஒரு ஆளு பம்புல…"

"கேட்டுச்சு" என்றார். பம்பில் திருகைத் தளர்த்தினார். டீசல் நுரைத்துக் குமிழி விட்டது. குமிழி நின்றதும் இறுக்கினார். சாவி.

டக… டக… டகடகடகடக! பின்னாலிருந்து ஒரு வண்டிப் புகை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அம்மாவின் வெள்ளைப் பூப்போட்ட சேலை ஒரே நொடியில் கறுப்புப் பூப்போட்ட சேலை ஆகிவிட்டது. அம்மா வைத வசவுகளை இங்கே எழுத முடியாது. ஷெட்டுக்குள் அப்பா சிரித்தார். ஜன்னலுக்குள் அக்கா சிரித்தாள். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரிச் சிரிப்பு, மூக்கால் வருகிற சிரிப்பு. ஒருவர் சிரிப்பது மற்றவருக்குக் கேட்டதும் இரண்டும் நின்றுவிட்டன.

மே 16, வெள்ளி

பாக்கி இருப்பது பிரேக்தான். அப்பா இன்று ஸ்பானர் எதையும் எடுத்து வைக்கவில்லை.

"பிரேக்க நான் பாத்துக்கிறேன். யாரும் தொட வேணாம்."

"பேயுமா?"

"பேயும்தான்."

எனக்கென்ன, ஒருநாள் லீவு. ஆனால் அவர் முகம் சரியில்லை. அக்காவிடம் சொன்னேன். அவள் முகமும் சரியில்லை.

மே 17, சனி

பேய் சொல் பேச்சுக் கேட்கவில்லை. அப்பா கிளம்பியதும் ஜாக்கியைப் போட்டு ஒரு பின் சக்கரத்தைக் கழற்றினாள்.

"அப்பா தொடக்கூடாதுன்னு சொன்னாரு."

"எனக்குத் தெரியணும்டி" என்றாள். என்ன தெரியணும் என்று கேட்பதற்குள் சக்கரத்தை ஓரமாக உருட்டிவிட்டாள்.

சக்கரத்துக்குள் குட்டியாக ஒரு சிலிண்டர். அதற்குள் கட்டைவிரல் நுனி அளவுக்கு ரப்பர் மூடி ஒன்று. பிரேக் ஆயில் கசியாமல் அடைத்துப் பிடிப்பது அதன் வேலை, கப் என்கிறார்கள். அக்கா அதைக் குறட்டால் இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. உப்பி, விளிம்பெல்லாம் பிதுங்கி, அசல் பணியாரம். அடுத்த சக்கரத்திலும் அதே. நாலிலும் அதே. உள்ளேயிருந்து வடிந்த எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் இப்படி உப்பிருக்கு?"

"பழசாப் போனா அப்படித்தான்."

கண் கலங்கியிருந்தது. டீசல் பட்டுவிட்டதாம். இன்று டீசல் வேலையே கிடையாது. ஆனால் அழுகிற முகமாகவும் இல்லை. தலையில் சுமந்து வந்த குடத்தை இறக்கி வைத்த மாதிரி ஒரு மூச்சு விட்டாள். சாயங்காலத்துக்குள் கடைக்குப் போய்ப் புதுக் கப், புது ஹோஸ் எல்லாம் வாங்கி வந்து மாட்டி, பழையதைக் குப்பையில் போட்டாள். "இத அப்பாட்ட சொல்லாத. சத்தியம் பண்ணு" என்றாள்.

சத்தியம் பண்ணினேன். சொல்ல மாட்டேன். குப்பையிலிருந்து ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்காவது ஆகும்.

மே 19, திங்கள்

ஆனது. அம்மா கருப்பட்டிப் பணியாரம் சுட்டு அப்பாவின் டப்பாவில் வைத்தாள். நான் அந்த ரப்பரைச் சோப்புப் போட்டுக் கழுவி, நடுவில் குட்டிப் பணியாரமாகச் செருகினேன். நான் ஒன்றும் சொல்லவில்லையே, சத்தியம் சத்தியமாகத்தான் இருக்கிறது. கிட்டங்கியில் எல்லோர் முன்னாலும் அப்பா அதைக் கடித்து இழுக்கிற காட்சியை நினைத்துக் காலையெல்லாம் சிரித்தேன்.

மத்தியானமே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். பணியாரம் தொடப்படவில்லை. ரப்பர் அவர் உள்ளங்கையில் இருந்தது.

"இது எங்க கெடந்துச்சு?"

"குப்பைல."

"யாரு கழட்டுனா?"

"பேய்."

"பேயி இத நல்லாப் பாத்துச்சா?"

"மோந்தே பாத்துச்சு" என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாதோ என்று பட்டது.

அப்பா என்னைத் திட்டவில்லை. அடிக்கக் கை ஓங்கியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஷெட்டில் ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. என்ன சேட்டை செய்தேன் என்று எனக்கே புரியவில்லை.

மே 21, புதன்

ஷெட் மூடிக் கிடக்கிறது. அப்பா காலையில் பல் துலக்குகிறார், பேப்பர் படிக்கிறார், போகிறார். அக்கா பெட்டி அடுக்குகிறாள். என் நீலத் துப்பட்டாவை எடுத்து வைத்தாள். எப்போதும் இதற்கு மூன்றாம் உலகப்போர் நடக்கும். இன்று, "வச்சுக்க" என்று சொல்லிவிட்டேன்.

கட்டிலில் படுத்துப் பார்த்தேன். ரொம்ப அகலம்.

மே 23, வெள்ளி

அப்பா சாயங்காலம் கையில் புது பிரேக் ஆயில் டப்பாவோடு வந்தார். சீல் பிரிக்காதது. "நாளைக்குப் பிரேக்ல காத்து எடுக்கணும். நீ பெடல மிதிக்கணும்" என்றார் என்னிடம்.

பிரேக்கில் காற்று எடுப்பது மட்டும் ஒற்றை ஆளால் ஆகாது. ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை அடித்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்துச் சக்கரத்தில் திருகைத் திறந்து மூட வேண்டும். ஷிப்ட்டெல்லாம் செல்லாது. ஒரே நேரத்தில் இரண்டு பேர்.

எனக்கு ஒரு யோசனை.

மே 24, சனி

காலையில் தண்ணீர்த் தொட்டிப் படியிலிருந்து விழுந்தேன். அலறல் மூன்று வீட்டுக்குக் கேட்டது. விழுந்தது அவ்வளவு இல்லை, அலறல்தான்.

"எந்தக் கால்டி?" அம்மா.

"ரெண்டும்."

"ரெண்டு காலுமா சுளுக்கும்?"

"ஒண்ணு சுளுக்கு. இன்னொண்ணு துணைக்கு."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஷெட்டைப் பார்த்தாள். மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றினாள். அப்பா, "அப்ப நீ வந்து மிதி" என்றார் அவளிடம். "எனக்கு உலை கொதிக்குது" என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பு பற்றவே வைத்திருக்கவில்லை. அம்மாவும் லேசுப்பட்ட ஆளில்லை.

அப்பா பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கோணி விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். யாரையும் கூப்பிடவில்லை. சும்மா படுத்திருந்தார். நான் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு ஷெட் வாசலில்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா வந்தாள். கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். அன்றைக்குப் பிறகு இன்றுதான் ஏறுகிறாள். காலை வைக்கப் போனவள் எடுத்துவிட்டாள். குனிந்து, எது எந்தப் பெடல் என்று பார்த்தாள். நாலு வருஷமாக அப்பாவோடு மலையேறி இறங்கியவள், இடது வலது பார்க்கிறாள். எனக்கு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளத் தோன்றியது. காலை வைத்தாள்.

அடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அடி."

டுக், டுக், டுக்.

"பிடி."

அழுத்திப் பிடித்தாள். கீழே, திருகில் மாட்டியிருந்த குழாய் பாட்டிலுக்குள் கொப்புளித்தது.

"விடு."

ஒரு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் மூன்று வார்த்தைகள். அதையே திரும்பத் திரும்ப. அடி. பிடி. விடு. இரண்டாவது சக்கரத்துக்கு வந்தபோது அப்பா, "பிடி" என்றார். அப்புறம் "விடு" வரவில்லை.

"ஜோதி."

"ம்."

"மேட்டுல ஒருநா பிரேக் ஆயில் கொறஞ்சு போச்சு. கையில இல்ல. இஞ்சின் ஆயில் இருந்துச்சு, ஊத்திட்டேன். கீழ வந்து மாத்திக்கிருவோம்னு நெனச்சேன். சீசன் நேரம், ட்ரிப் மேல ட்ரிப். அப்படியே விட்டுட்டேன். அது உள்ள ரப்பரத் தின்னுருக்கு. நீ ஓட்டுன அன்னைக்கு…"

அக்கா பெடலை அழுத்திப் பிடித்தபடியே இருந்தாள்.

"ப்பா."

"சொல்லும்மா."

"திருக மூடிட்டுப் பேசுங்க. கால் வலிக்குது, விட்டா காத்து ஏறிரும்."

"ஆ… இரு, இரு." திருகை இறுக்கும் சத்தம். "விடு."

விட்டாள். பெடலிலிருந்து காலை மட்டும் எடுக்கவில்லை. "நான் கிளட்சத்தான் மிதிச்சேனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சுப்பா. சோறு திங்கும்போதுகூடக் குனிஞ்சு எந்தக் காலுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"பிரேக்கத்தான் மிதிச்ச. நான் பாத்தேன். மிதிச்சுப் பாத்து, மறுபடி மிதிச்சு, பிடிக்கலேன்னதும் மலப்பக்கம் ஒடிச்ச. நானா இருந்தா இன்னும் ஒரு தரம் மிதிச்சுப் பாத்திருப்பேன். ரெண்டு பேரும் பள்ளத்துல கெடந்திருப்போம்."

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"இத்தன வருஷம் வண்டி ஓட்டுனவன் பிரேக்குல இஞ்சின் ஆயில ஊத்துனான்னு ஸ்டாண்டுல சிரிப்பாய்ங்கன்னு வாய மூடிக்கிட்டேன். அவிங்க உன்னப் பாத்துச் சிரிச்சாய்ங்க. அதுக்கும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

பாட்டிலில் ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது.

"கப்பக் கழட்டுனப்பவே உனக்குத் தெரிஞ்சிருச்சுல்ல?"

"தெரிஞ்சுச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்லணும்னு இருந்தேன்."

"சொல்லாமலே இருந்திருந்தா?"

"ஒண்ணாந்தேதி பஸ் ஏறிருப்பேன்" என்றாள் அக்கா.

அப்பா அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அடி" என்றார்.

கடைசிச் சக்கரமும் முடிந்தது. அக்கா பெடலை அழுத்தினாள். இறங்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள்.

"கல்லு மாதிரி நிக்குதுப்பா!"

நான் துள்ளிக் குதித்து ஷெட்டுக்குள் ஓடினேன். இரண்டு காலாலும்தான். பின்னாலேயே அம்மா. "ஏண்டி, சுளுக்கு?" என்றாள். துணைக்கு இருந்த கால் குணப்படுத்திவிட்டது என்றேன். முதுகில் ஒன்று வைத்தாள். அவளுக்கும் கண்ணில் டீசல்.

மே 25, ஞாயிறு

நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். ஜூஸுக்கு வைத்திருந்த பழம் என்று அம்மா முனகிக்கொண்டே வைத்தாள். அக்கா ஸ்டியரிங்கில், அப்பா பக்கத்தில், அம்மாவும் நானும் பின்னால். நாலும் நசுங்கின.

மலையடிவாரத்தில், முந்தலில் டீ குடிக்க நிறுத்தினோம். ஸ்டாண்டு ஆட்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். போன வருஷம் கிளட்ச் கதையை முதலில் கட்டிவிட்ட சின்னராசு அண்ணன், டிரைவர் சீட்டைப் பார்த்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"என்ன தவமணிண்ணே, மறுபடியும் பிள்ள கையிலயா? பாத்து, கிளட்ச மிதிச்சிரப் போகுது!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா கீழே குனிந்தாள். தன் காலைப் பார்க்கத்தான். எனக்கு நாக்கு நுனியில் நாலு பதில் வந்துவிட்டது, நல்ல காரமான பதில்கள். அதற்குள் அப்பா ஜீப்பிலிருந்து இறங்கிவிட்டார்.

"அன்னைக்கும் எம் பிள்ள பிரேக்கத்தான் மிதிச்சா" என்றார். சத்தமாக, எடை சொல்கிற குரலில். "பிரேக்குல இஞ்சின் ஆயில் ஊத்தி வச்சிருந்தது நான். கப்பு உப்பிப்போச்சு. தப்பு என்னுது. அவ ஒடிச்சதாலதான் நான் இன்னைக்கு இங்க டீ குடிக்கிறேன்."

டீ ஆற்றுகிற சத்தம் மட்டும். சின்னராசு அண்ணன் கிளாஸை எடுத்து, காலியாக இருந்ததைப் பார்த்து, மறுபடி வைத்தார். "இஞ்சின் ஆயிலா? அட, அவசரத்துக்கு நானும் ஒருக்கா…" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருடைய ஜீப் எதிரில்தான் நின்றது. அதை ஒரு தினுசாகப் பார்த்தார். இன்று அவர் மலையேற மாட்டார் என்று நினைக்கிறேன்.

நாங்கள் மலையேறினோம். அந்த வளைவு வந்ததும் அக்கா பிரேக்கை மிதித்தாள். ஜீப் நின்ற வேகத்தில் என் மூக்கு முன் சீட்டில் மோதியது. மலைப் பக்கம் ஜீப் முட்டிய இடத்தில் புல் முளைத்து மூடியிருந்தது. யாராவது ஏதாவது பேசுவார்கள் என்று பார்த்தேன்.

"கிளம்பு, பின்னாடி பஸ்காரன் ஆரன் அடிக்கிறான்" என்றார் அப்பா.

தோட்டத்துப் பாதையில் சேறு. அக்கா சின்னக் கியர் கம்பியைத் தள்ள, முன் சக்கரமும் சேர்ந்து இழுத்தது. நாலு சக்கரமும் இழுக்கிறது பார் என்று அம்மாவைத் தட்டிச் சொன்னேன். "இப்பவும் நீ ஏறித்தான் உக்காந்துருக்க" என்றாள்.

மே 28, புதன்

அக்கா சித்திக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். காலை ட்ரிப்பை அவள் ஓட்டப் போகிறாள், அப்பா பக்கத்தில். என் நீலத் துப்பட்டாவை இன்னும் திருப்பித் தரவில்லை. போர் தொடங்கிவிட்டது.

ஜூன் 1, ஞாயிறு

சிவப்பு வட்டத்தைக் காலண்டரிலிருந்து அழிக்க முடியவில்லை. உள்ளே மூன்று கோடு போட்டு ஸ்டியரிங் ஆக்கிவிட்டேன்.

ஷெட்டில் இப்போது பாதி ஜீப், பாதி விறகு. அம்மாவுக்குத் திருப்தி. நாளை எனக்கு ஸ்கூல். நான் இறங்குவதற்கு ஸ்கூல் வாசல் வரை ஜீப் வரும் என்று அக்கா வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஹெட்மிஸ்ட்ரஸ் கார் நிறுத்துகிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

மத்தியானம் சோறு தின்றுவிட்டு அக்கா படுத்தாள். "வேணும்னா கட்டில நீ எடுத்துக்கடி" என்றாள். வேண்டாம், மெத்தையெல்லாம் உன் டீசல் நாற்றம் என்று சொல்லிப் பாயை விரித்தேன்.

இதை எழுதும்போது அவள் நன்றாகத் தூங்குகிறாள். கட்டிலுக்கு வெளியே நீட்டியிருக்கும் கால் தூக்கத்திலும் எதையோ அழுத்திப் பிடிக்கிறது, விடுகிறது.

எந்தக் கால் என்று எட்டிப் பார்த்தேன். வலது கால்தான்.